தம்ப் டிரைவைக் கண்டுகொள்ளாத மடிக்கணினி: வாசகர் கேள்வி பதில்

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துக்கொண்ட பிறகு, இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிட்டது. முன்பெல்லாம் அச்சுப்பொறியும் வைஃபையும்தான் வாசகர்களிடம் அதிகம் திட்டு வாங்கும். இப்போது பழைய மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடப் போனவர்களும், விண்டோஸ் 11ஐப் புதிதாக நிறுவப் போனவர்களும், "தம்ப் டிரைவிலிருந்து பூட் ஆக மாட்டேன் என்கிறது" என்ற ஒரே வரியில் வந்து நிற்கிறார்கள். பூட் ஆவது என்றால் கணினி அதிலிருந்து இயங்கத் தொடங்குவது. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

*கேள்வி: என் மனைவியின் பழைய மடிக்கணினி விண்டோஸ் 11க்குத் தகுதியில்லை என்று வந்துவிட்டது. தூக்கிப் போட மனமில்லாமல், லினக்ஸ் மின்ட் போடலாம் என்று அதன் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, 16 ஜிபி தம்ப் டிரைவில் நகலெடுத்தேன். பயாஸுக்குள் போய் பூட் வரிசையில் யூஎஸ்பியை முதலிடத்துக்கும் கொண்டுவந்துவிட்டேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் விண்டோஸ்தான் திறக்கிறது. எஃப்12 விசையை அழுத்தியும் பயனில்லை. கடையில் காட்டினால், தாய்ப்பலகையில் கோளாறு இருக்கலாம், பிரித்துப் பார்ப்பதற்கே 80 வெள்ளி ஆகும் என்கிறார்கள். கொடுக்கலாமா? – ஈசூன் வாசகர்*

80 வெள்ளியை உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தாய்ப்பலகையில் கோளாறு இருந்தால் விண்டோஸ் இத்தனை ஒழுங்காகத் திறந்துகொண்டிருக்காது. விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: ஐஎஸ்ஓ கோப்பைத் தம்ப் டிரைவில் "நகலெடுத்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஐஎஸ்ஓ என்பது ஒரு வட்டில் இருக்க வேண்டிய அனைத்தையும் அப்படியே பொதிந்து வைத்த ஒற்றைக் கோப்பு. அதை மற்றக் கோப்புகளைப் போல இழுத்துப் போட்டால் அது பிரிக்காத பொட்டலமாகவே கிடக்கும். அரிசி மூட்டையை அப்படியே அடுப்பில் ஏற்றினால் சோறு கிடைக்குமா? தம்ப் டிரைவை விண்டோஸில் திறந்து பாருங்கள். ஏறக்குறைய 3 ஜிபி அளவில் ஒரே ஒரு கோப்பு மட்டும் தெரிந்தால் அது பூட் ஆகவே ஆகாது. முறையாகத் தயாரித்த தம்ப் டிரைவில் பல கோப்புறைகள் இருக்கும். அவற்றில் ஒன்றின் பெயர் இஎஃப்ஐ, அதற்குள் பூட் என்றொரு கோப்புறை, அதற்குள் பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ என்றொரு சிறிய கோப்பு. இன்றைய 64 பிட் மடிக்கணினியின் ஃபர்ம்வேர் (தாய்ப்பலகையில் பதிந்திருந்து விண்டோஸுக்கு முன்பே ஓடும் நிரல்; பயாஸ் என்று நீங்கள் சொன்னது இதைத்தான்) புதிதாகச் செருகிய தம்ப் டிரைவில் தேடுவது இந்த இடத்தில், இந்தப் பெயரில் இருக்கும் இந்த ஒரு கோப்பைத்தான். அது கண்ணில் படாவிட்டால், பட்டியலில் யூஎஸ்பி முதலிடத்தில் இருந்தாலும், பெரும்பாலான கணினிகள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அடுத்த இடத்தில் இருக்கும் விண்டோஸுக்குத் தாவிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராததால்தான் இயந்திரமே பழுதாகிவிட்டதாக நமக்குத் தோன்றுகிறது.

எனவே முதல் வேலை, தம்ப் டிரைவை மறுபடி தயாரிப்பது. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். தம்ப் டிரைவையும் ஐஎஸ்ஓ கோப்பையும் தேர்ந்தெடுத்தபின், பார்ட்டிஷன் ஸ்கீம் என்ற இடத்தில் ஜிபிடி, டார்கெட் சிஸ்டம் என்ற இடத்தில் யூஇஎஃப்ஐ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2012க்கு முந்தைய கணினியாக இருந்தால் மட்டும் எம்பிஆர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். எந்த முறையில் எழுதுவது என்று ரூஃபஸ் இடையில் ஒரு கேள்வி கேட்கும். அது பரிந்துரைக்கும் ஐஎஸ்ஓ முறையையே ஏற்றுக்கொள்ளலாம். தம்ப் டிரைவில் ஏற்கெனவே இருப்பவை எல்லாம் அழிந்துவிடும் என்பதால், பேரப்பிள்ளையின் பிறந்தநாள் படங்கள் அதில் இருந்தால் முதலில் வேறிடத்துக்கு மாற்றுங்கள். வேறு வெளி வட்டுகள் செருகியிருந்தால் அவற்றையும் கழற்றிவிடுங்கள். அவசரத்தில் தவறான வட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதியவர்கள் உண்டு. அவர்களுக்கு ஆறுதல் சொல்வதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அடுத்து, எஃப்12 ஏன் கேட்கவில்லை என்பது. இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம், மூன்றும் ஒரே கணினியில் சேர்ந்தே இருக்கலாம். விண்டோஸ் 8 முதல் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்றொரு வசதி உண்டு. நீங்கள் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் தன் உட்கருவின் நிலையை வட்டில் எழுதி வைத்துவிட்டு அரைத்தூக்கத்துக்குப் போகிறது. மறுபடி பொத்தானை அழுத்தியதும் அந்த நிலையிலிருந்தே விறுவிறுவென்று எழுகிறது. விசையைக் கவனிக்க ஃபர்ம்வேருக்குக் கிடைக்கும் நேரமோ மிகக் குறைவு. ரீஸ்டார்ட் கொடுத்தால் இந்த அரைத்தூக்கம் இல்லை. முழுமையாக அணைந்து எழும். ஆகவே பூட் மெனுவுக்குப் போக விரும்பும்போது ஷட்டவுனை விட ரீஸ்டார்ட்டே நல்லது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

இரண்டாவது, விசை எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றல்ல. டெல், லெனோவோ கணினிகளில் பூட் மெனு பெரும்பாலும் எஃப்12இல் வரும். எச்பியில் எஸ்கேப்பை அழுத்திப் பிறகு எஃப்9. ஏசூஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப், எம்எஸ்ஐயில் எஃப்11. ஏசர் மடிக்கணினிகள் பலவற்றில் எஃப்12தான் விசை என்றாலும், அந்த மெனுவே தொழிற்சாலையில் அணைக்கப்பட்டு வருகிறது. எஃப்2 அழுத்தி உள்ளே போய், மெயின் பக்கத்தில் "எஃப்12 பூட் மெனு" என்ற வரியை எனேபிள் என்று மாற்றும்வரை நீங்கள் எத்தனை முறை தட்டினாலும் அது அசையாது. லெனோவோவின் ஐடியாபேட் வகைகள் சிலவற்றில் பக்கவாட்டில் ஊசித்துளை ஒன்று இருக்கும். கணினியை அணைத்துவிட்டுக் கைப்பேசியின் சிம் தட்டை எடுக்கும் ஊசியால் அதை மெல்லக் குத்தினால், எந்த விசையும் தேடாமலே மெனு வந்துவிடும். மூன்றாவது, புதிய விசைப்பலகைகளில் எஃப் வரிசை ஒலி, ஒளி கூட்டிக் குறைக்கும் வேலைக்கு மாற்றப்பட்டிருப்பது. அப்படியானால் எஃப்என் விசையையும் சேர்த்தே அழுத்த வேண்டும்.

இத்தனைக்கும் பதிலாக, விண்டோஸ் திறக்கிற கணினியில் ஒரு நேர்வழி உண்டு. நான் யாருக்கும் முதலில் சொல்வது இதைத்தான். தம்ப் டிரைவைச் செருகிவிட்டு, ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் மெனுவில் ரீஸ்டார்ட்டைச் சொடுக்குங்கள். நீலத் திரையில் சில தெரிவுகள் வரும். "யூஸ் அ டிவைஸ்" என்பதைத் தொட்டால் தம்ப் டிரைவின் பெயர் அங்கே தெரிய வேண்டும். ஃபர்ம்வேர் அமைப்புகளுக்குப் போக வேண்டுமானால் அதே திரையில் டிரபிள்ஷூட், பிறகு அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், பிறகு யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ். இங்கே விரலுக்கும் கணினிக்கும் ஓட்டப்பந்தயம் இல்லை. பூட் வரிசையை நிரந்தரமாக மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. நீங்கள் மாற்றியதைப் பழையபடி வைத்துவிடலாம்.

இந்த வழியிலும் தம்ப் டிரைவின் பெயர் வரவில்லை என்றால், அதை யூஎஸ்பி ஹப்பிலோ டைப் சி இணைப்பியின் வாலிலோ மாட்டாமல், கணினியின் உடம்பிலேயே இருக்கும் துளையில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். பழைய கணினிகளில் நீல நிற யூஎஸ்பி 3 துளையைத் தவிர்த்துக் கருப்புத் துளையில் செருகியதும் எழுந்துகொண்டவற்றை நானே பார்த்திருக்கிறேன். அதன் பிறகும் வராவிட்டால் வேறொரு தம்ப் டிரைவ். கண்காட்சிகளில் இலவசமாகக் கிடைக்கும் தம்ப் டிரைவ்களை இந்த வேலைக்கு நான் நம்புவதில்லை.

*கேள்வி: தம்ப் டிரைவ் பட்டியலில் தெரிகிறது. தேர்ந்தெடுத்ததும் சிவப்புப் பெட்டியில் "செக்யூர் பூட் வயலேஷன், இன்வேலிட் சிக்னேச்சர்" என்று வந்து நின்றுவிடுகிறது. செக்யூர் பூட்டை அணைக்கச் சொல்லி நண்பர் சொன்னார். உள்ளே போய்ப் பார்த்தால் அந்த வரி மங்கலாக இருக்கிறது, அம்புக்குறியே அதன்மேல் நிற்க மறுக்கிறது. என்ன செய்வது? – சுவா சூ காங் வாசகர்*

முந்தைய வாசகரை விட நீங்கள் அதிருஷ்டசாலி. அவருடைய கணினி வாய் திறக்கவில்லை. உங்களுடையது காரணத்தையே சொல்லிவிட்டது. தம்ப் டிரைவ் நன்றாக இருக்கிறது, ஃபர்ம்வேர் அதை வாசித்தும் விட்டது, அதில் இருக்கும் கையொப்பத்தைத்தான் ஏற்கவில்லை.

நாம் பயாஸ் என்று வாய்ப்பழக்கத்தில் சொல்வது 1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியோடு பரவிய ஏற்பாடு. வட்டின் முதல் துண்டில் என்ன எழுதியிருந்தாலும் கேள்வி கேட்காமல் அதை அது ஓட்டிவிடும். இன்றைய மடிக்கணினிகளில் இருப்பது யூஇஎஃப்ஐ. இன்டெல் தொடங்கிய வேலையை 2005 முதல் பல நிறுவனங்கள் சேர்ந்த மன்றம் ஒன்று வளர்த்து வருகிறது. விண்டோஸ் 8 வந்த 2012இலிருந்து இதோடு செக்யூர் பூட்டும் சேர்ந்துகொண்டது. விண்டோஸ் எழுவதற்கு முன்பே உள்ளே புகுந்து, எந்த வைரஸ் தடுப்பானுக்கும் தெரியாமல் உட்கார்ந்துகொள்ளும் தீநிரல்கள் உண்டு. அவற்றைத் தடுக்க, ஃபர்ம்வேரில் பதிந்திருக்கும் சான்றிதழோடு பொருந்துகிற கையொப்பம் உள்ள நிரலை மட்டுமே ஓட விடுவது இதன் வேலை. ஆகவே அதை அணைப்பதைக் கடைசி வழியாகத்தான் நான் சொல்வேன், உங்கள் நண்பர் முதல் வழியாகச் சொல்லிவிட்டார்.

முதலில் நீங்கள் போட விரும்புவது என்ன என்று பாருங்கள். உபுண்டு, மின்ட், ஃபெடோரா போன்ற முக்கியமான லினக்ஸ் வகைகளின் தொடக்க நிரலில் மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பம் இருக்கிறது; செக்யூர் பூட்டை அணைக்காமலே அவை எழ வேண்டும். எழவில்லை என்றால் பெரும்பாலும் உங்கள் ஐஎஸ்ஓ பழையது. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று, பாதுகாப்பு ஓட்டை இருந்த பழைய லினக்ஸ் தொடக்க நிரல்களைச் செல்லாதவை ஆக்கியது. அதில் சிக்கியவர்களின் திரையில் எஸ்பிஏடி என்ற எழுத்துகளோடு, ஏதோ மிகப் பெரிய தவறு நடந்துவிட்டது என்கிற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி தோன்றி, சில நொடிகளில் கணினியே அணைந்துவிடும். பார்ப்பவருக்கு வயிறு கலங்கும். ஆனால் மருந்து, புதிய ஐஎஸ்ஓவை இறக்கி மறுபடி எழுதுவது, அவ்வளவே. ரூஃபஸின் பழைய பதிப்பை வைத்திருந்தால் அதையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள். அண்மைக்கால திங்க்பேட் போன்ற அலுவலக வகைக் கணினிகளில், மைக்ரோசாஃப்ட்டின் சொந்த நிரல்களைத் தவிர அது பிறருக்குக் கையொப்பமிட்டுக் கொடுத்தவற்றையும் ஏற்கலாமா என்று தனியாக ஒரு தெரிவு உண்டு. "தேர்ட் பார்ட்டி யூஇஎஃப்ஐ சிஏ" என்ற சொற்கள் அதில் இருக்கும். அதை ஆன் செய்தாலே லினக்ஸுக்கு வழி பிறந்துவிடும், செக்யூர் பூட்டைத் தொட வேண்டியதில்லை.

இவை எதுவும் பலிக்காமல் அணைத்தே தீர வேண்டும் என்றால், பயாஸுக்குள் போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்யாமல் நான் பட்டதைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் தெம்பனிஸில் இருக்கும் என் அக்காள் வீட்டில், அவர் மகளின் மடிக்கணினியில் ஒரு வட்டுச் சோதனைக் கருவியைத் தம்ப் டிரைவிலிருந்து ஓட்டுவதற்காக, பெரிய நிபுணன் போல செக்யூர் பூட்டை அணைத்தேன். சோதனை முடிந்து கணினியைத் திறந்தால், நீலத் திரையில், வட்டிலுள்ளவற்றை மறையாக்கிப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவியின் 48 இலக்கங்களைக் கேட்டு ஒரு பெட்டி. மறுநாள் காலை அந்தப் பெண் பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஒப்படைக்க வேண்டிய ஒப்படைப்பு அதற்குள். "மாமா, எனக்கு அப்படி ஒரு நம்பரே யாரும் கொடுக்கவில்லையே" என்று அவள் சொல்ல, அக்காள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்க, நான் மூன்று மணி நேரம் அவளுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கின் கடவுச்சொல்லைத் தேடினேன். அது கிடைத்தபோது, உறுதிப்படுத்தும் எண் அவள் விட்டுவிட்ட பழைய கைப்பேசி எண்ணுக்குப் போனது. செக்யூர் பூட்டை மறுபடி ஆன் செய்திருந்தால், சாவி கேட்காமலே அது பெரும்பாலும் திறந்திருக்கும் என்பது இரவு பதினோரு மணிக்குத்தான் எனக்கு உறைத்தது. செய்தேன், திறந்தது.

எனவே விண்டோஸ் திறந்திருக்கும்போதே, செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் டிவைஸ் என்கிரிப்ஷன் (வட்டைப் பூட்டும் அதே வசதி) ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, சாதனங்கள் பகுதியில் அந்த 48 இலக்கச் சாவியைக் கண்டுபிடித்து, காகிதத்தில் எழுதி, இரண்டு முறை சரிபார்த்து வையுங்கள். அந்த மடிக்கணினியிலேயே சேமித்து வைப்பது வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவது போலாகும்.

இப்போது மங்கிய வரிக்கு வருவோம். அதுவும் பழுதல்ல. ஏசர் மடிக்கணினிகள் பலவற்றில், செக்யூரிட்டி பக்கத்துக்குப் போய் "செட் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு" என்பதில் ஒரு கடவுச்சொல் வைத்த பிறகே பூட் பக்கத்தில் அந்த வரிக்கு உயிர் வரும். வேலை முடிந்ததும் அதே இடத்தில் பழைய சொல்லைக் கொடுத்து, புதிய சொல்லுக்கான இரண்டு கட்டங்களையும் வெறுமையாக விட்டு எண்டர் தட்டினால் கடவுச்சொல் நீங்கிவிடும். நீக்க விரும்பாவிட்டால் எழுதியாவது வையுங்கள்; விண்டோஸ் கடவுச்சொல்லை மறந்தால் வழிகள் உண்டு, இதை மறந்தால் சேவை மையத்தைத் தவிர நேர்வழி இல்லை.

எச்பியில் வேறு மாதிரி. செக்யூர் பூட்டை அணைத்துச் சேமித்துவிட்டு வெளியே வந்ததும், கருப்புத் திரையில் நான்கு இலக்க எண் ஒன்றைக் காட்டி, அதைத் தட்டி எண்டர் அழுத்தச் சொல்லும். தட்டுகிற எண் தெரிவதற்குத் திரையில் கட்டமே இருக்காது, நட்சத்திரக் குறிகூட விழாது. ஒன்றும் நடக்கவில்லை என்று எண்ணிப் பலர் எஸ்கேப்பை அழுத்திவிடுகிறார்கள், மாற்றமும் ரத்தாகிவிடுகிறது. எழுத்து விசைகளுக்கு மேலே உள்ள எண் வரிசையில் நிதானமாக நான்கு இலக்கங்களையும் தட்டுங்கள். வலப்புறத்து எண்பலகை அந்த நேரத்தில் வேலை செய்யாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். செக்யூர் பூட்டுக்காக மைக்ரோசாஃப்ட் 2011இல் வழங்கிய சான்றிதழ்கள் 2026 ஜூன் தொடங்கிக் காலாவதியாகின்றன. அவற்றின் இடத்துக்கு 2023ஆம் ஆண்டின் சான்றிதழ்கள் விண்டோஸ் அப்டேட் வழியாகவும் ஃபர்ம்வேர் புதுப்பிப்புகள் வழியாகவும் வருகின்றன. தேதி கடந்ததும் கணினி நின்றுவிடாது. ஆனால் புதிய சான்றிதழால் மட்டும் கையொப்பமிட்ட தம்ப் டிரைவைப் பழைய சான்றிதழ் மட்டும் உள்ள கணினி ஏற்காது. புதுப்பிப்புகளைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பவர்கள் கவனிக்க.

*கேள்வி: விண்டோஸ் 11ஐத் தம்ப் டிரைவிலிருந்து நிறுவத் தொடங்கினேன். நன்றாகத்தான் போனது. எந்த வட்டில் நிறுவ வேண்டும் என்று கேட்கும் இடத்தில் பட்டியல் காலியாக இருக்கிறது. உள்ளே 512 ஜிபி எஸ்எஸ்டி இருப்பது உறுதி. அது இறந்துவிட்டதா? – பாசிர் ரிஸ் வாசகர்*

பெரும்பாலும் இல்லை. இன்டெல்லின் 11ஆம் தலைமுறைச் செயலியும் அதற்குப் பிந்தையவையும் உள்ள பல மடிக்கணினிகளில், எஸ்எஸ்டி நேரடியாக இல்லாமல் விஎம்டி என்ற கட்டுப்பாட்டு அமைப்பின் பின்னால் இணைக்கப்பட்டிருக்கிறது. அதை இயக்கத் தேவையான டிரைவர் என்ற சிறு மென்பொருள் விண்டோஸ் நிறுவியில் இல்லாததால், கண்ணெதிரே இருக்கும் வட்டு அதற்குத் தெரியவில்லை. பயாஸில் சேமிப்பகம் பற்றிய பக்கத்தில் எஸ்எஸ்டியின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது உயிரோடுதான் இருக்கிறது.

இதற்கு நான் விரும்பும் வழி, உங்கள் மடிக்கணினி நிறுவனத்தின் ஆதரவுப் பக்கத்திலிருந்து இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, அதே தம்ப் டிரைவில் ஒரு கோப்புறையாக வைத்துக்கொண்டு, அந்தக் காலிப் பட்டியலுக்கு அருகிலேயே இருக்கும் "லோட் டிரைவர்" என்பதைச் சொடுக்கி அதைக் காட்டுவது. ஐந்து நிமிட வேலை. இன்னொரு வழி, பயாஸில் விஎம்டியையே அணைப்பது. ஏசரில் இந்த வரி மறைந்திருக்கும். மெயின் பக்கத்தில் நின்று கண்ட்ரோலையும் எஸ் விசையையும் சேர்த்து அழுத்தினால் வெளிப்படும். ஆனால் ஒன்று: பழைய விண்டோஸை வைத்துக்கொண்டு இந்த அமைப்பை மட்டும் மாற்றினால், அந்த விண்டோஸ் தன் வட்டையே அடையாளம் காண முடியாமல் நீலத் திரையோடு நின்றுவிடும். வட்டை முழுவதும் அழித்துப் புதிதாக நிறுவப் போகிறவர்கள் மட்டும் இரண்டாம் வழியைத் தொடுங்கள்.

*கேள்வி: விண்டோஸ் 11 ஐஎஸ்ஓவை விரித்து, அதிலுள்ளவற்றை ஃபேட்32 தம்ப் டிரைவில் நானே நகலெடுத்தேன். ஒரு கோப்பு மட்டும் பெரிதாக இருப்பதாகச் சொல்லி நின்றுவிட்டது. 64 ஜிபி டிரைவில் இடமா இல்லை? – பொங்கோல் வாசகர்*

இடம் இருக்கிறது, ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பு முறையில்தான் எந்தத் தனிக்கோப்பும் 4 ஜிபியைத் தொடக் கூடாது. ஐஎஸ்ஓவில் உள்ள இன்ஸ்டால்.விம் அந்த அளவைத் தாண்டியது. மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலைப் பயன்படுத்துங்கள். அது அதே உள்ளடக்கத்தை இன்னும் இறுக்கிச் சுருக்கிய வடிவில் எழுதுவதால் ஃபேட்32இலேயே அடங்கிவிடும். அதற்கு 8 ஜிபி தம்ப் டிரைவே போதும், 64 ஜிபியை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

*கேள்வி: உயர்நிலை 2இல் படிக்கும் மகனுக்குப் பள்ளி வழியாக வாங்கிய மடிக்கணினியில், அதன் அமைப்புகளைத் தொடாமல், தம்ப் டிரைவிலிருந்தே லினக்ஸ் ஓட்டிப் பழக வேண்டும் என்கிறான். அனுமதிக்கலாமா? – உட்லண்ட்ஸ் வாசகி*

அவனுடைய ஆர்வத்துக்கு என் பாராட்டு, ஆனால் அந்தக் கணினியில் வேண்டாம் அம்மா. கல்வி அமைச்சின் திட்டத்தில் வாங்கும் தனிநபர் கற்றல் சாதனங்களில் சாதன நிர்வாகச் செயலி இருக்கிறது. அரசு மாணவர் கணக்கில் போடும் எடுசேவ் பணத்தில் வாங்கியிருந்தாலும், சொந்தப் பணத்தில் வாங்கியிருந்தாலும், மகன் பள்ளியில் படிக்கும்வரை அதைச் சுற்றிக்கொண்டு போகும் எந்த வழியும் பள்ளியின் விதிகளோடு மோதும். ஃபர்ம்வேரில் கை வைத்து, நான் மேலே சொன்ன 48 இலக்கத் திரை வந்துவிட்டால், அந்தச் சாவி உங்களிடம் இருக்காது, பள்ளியிடம்தான் கேட்க வேண்டியிருக்கும். வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய மடிக்கணினி ஏதாவது இருந்தால் அதை அவனிடம் கொடுத்துவிடுங்கள். முதல் கேள்விக்கான பதிலை அவனே படித்துச் செய்து பார்க்கட்டும்.

*கேள்வி: 2010இல் வாங்கிய மடிக்கணினி. யூஎஸ்பியை முதலாவதாக வைத்துச் சேமித்தால் அன்று மட்டும் வேலை செய்கிறது. மின்கம்பியைக் கழற்றி ஓரிரு நாள் வைத்துவிட்டு எடுத்தால் பழைய வரிசைக்கே திரும்பிவிடுகிறது. கூடவே தேதியும் பல ஆண்டுகள் பின்னால் போய்விடுகிறது. – பிடோக் வாசகர்*

தேதியைக் குறிப்பிட்டீர்களே, அதுதான் துப்பு. தாய்ப்பலகையில் இருக்கும் சிறிய சிமாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது. கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவதும், உங்களுடையதைப் போன்ற பழைய இயந்திரங்களில் பயாஸ் அமைப்புகளை நினைவில் வைத்திருப்பதும் அதன் மின்சாரம்தான். பெரும்பாலும் அது சிஆர்2032 என்ற நாணய வடிவப் பேட்டரி. அக்கம்பக்கக் கடைகளிலேயே கிடைக்கும். ஆனால் வாங்குவதற்கு முன் கணினியைத் திறந்து பார்த்துவிடுங்கள், ஏனென்றால் மடிக்கணினிகள் பலவற்றில் அந்த நாணயத்துக்கு இரண்டு மெல்லிய கம்பிகள் பற்றவைத்து, மேலே பிளாஸ்டிக் உறை சுருக்கி, முனையில் சிறிய செருகியோடு வைத்திருப்பார்கள். அந்த வகை என்றால் வெறும் நாணயத்தை வாங்கி வந்து பயனில்லை. கம்பியோடு கூடியதையே கேட்டு வாங்க வேண்டும்.

திறப்பதற்கு முன் மின்கம்பியைக் கழற்றி, பெரிய பேட்டரியையும் எடுத்துவிடுங்கள்; 2010 மடிக்கணினியில் அது அடிப்பக்கத்தில் தாழ்ப்பாளை இழுத்ததும் கையோடு வந்துவிடும். புதியதைப் போட்டபின் முதலில் பயாஸில் தேதியைச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் இணையத்தளங்கள் பாதுகாப்பற்றவை என்று உலாவி அடம்பிடிக்கும். பிறகு பூட் வரிசை. உங்கள் கணினியின் வயதுக்கு யூஎஸ்பியின் பெயர் தனியாக இல்லாமல் ஹார்ட் டிஸ்க் என்ற வரிக்குள் ஒளிந்திருக்கலாம். அந்த வரியின்மேல் நின்று எண்டர் தட்டினால் உள்பட்டியல் விரியும், தம்ப் டிரைவைச் செருகி வைத்திருந்தால்தான் அதில் தெரியும். அதை மேலே ஏற்றி, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள்.